கிட்னி வார்டு ரவுண்ட்ஸ்ல ஃபார்மசிஸ்ட் நிக்கணுமா, கம்ப்யூட்டர் அலர்ட்டே போதுமா?

மாத்திரைக்காரன் எழுதியது:
எல்லாருக்கும் வணக்கம். நான் ஹாஸ்பிடல் ஃபார்மசிஸ்ட், நெஃப்ராலஜி வார்டுதான் நமக்கு. இப்ப மேல ஒரு பேச்சு ஓடுது, ஃபார்மசிஸ்ட் எதுக்கு காலைல டாக்டருங்க கூட ரவுண்ட்ஸ் போகணும், சாஃப்ட்வேர்ல அலர்ட் வருதுல்ல, கீழ மருந்து கொடுக்கிற இடத்துல ஆள் பத்தல, அங்க போய் நில்லுங்கன்னு. சொல்றவங்க மேல கோவம் இல்ல, வெளிய இருந்து பாத்தா நாங்க ஃபைலைப் புரட்டிட்டு கூட்டத்தோட கூட்டமா நிக்கிற மாதிரிதான் தெரியும். நீங்க டாக்டரோ நர்ஸோ பேஷன்டோ யாரா இருந்தாலும் சரி, ஃபார்மசிஸ்ட் கூட இருந்ததால எதாவது மாறிச்சா இல்லையா, ஓப்பனா சொல்லுங்க. நான் எழுதிக் கொடுக்கணும்.

யூரியாகிரியாட்டினின் எழுதியது:
நெஃப்ரோ ரெசிடென்ட். கொஞ்சம் கசப்பா இருக்கும், தப்பா எடுத்துக்காதீங்க அண்ணா. லேப் ரிப்போர்ட்லயே இஜிஎஃப்ஆர், அதாவது கிட்னி நிமிஷத்துக்கு எவ்ளோ வடிகட்டுதுங்கற கணக்கு, பிரிண்ட் ஆகி வருது. ஃபோன்ல ஆப் இருக்கு, மருந்து பேரைப் போட்டா 50க்கு கீழ இவ்ளோ, 30க்கு கீழ இவ்ளோன்னு டேபிள் வந்துடும். அதை எங்களுக்கு வாசிச்சுக் காட்ட இன்னொருத்தர் எதுக்கு? மத்த வார்டுல வேணா தேவைப்படலாம், நாங்க கிட்னியே படிக்கிறவங்க.

மாத்திரைக்காரன் எழுதியது:
தம்பி, அந்த பிரிண்ட் ஆன நம்பர்லதான் வம்பே. ஒரு கணக்கு போட்டுப் பாப்போம். 78 வயசு அம்மா, எடை 48 கிலோ, ரத்தத்துல கிரியாட்டினின் (கிட்னி வெளியேத்த வேண்டிய கழிவு) 1.3. பாக்கிறவங்களுக்கு "லேசா ஜாஸ்தி" அவ்ளோதான். 2021 சிகேடி-எபி ஃபார்முலால லேப் என்ன பிரிண்ட் பண்ணும்? 42 கிட்ட. அதே அம்மாவுக்கு காக்கிராஃப்ட்-கால்ட்ங்கற பழைய கிளியரன்ஸ் ஃபார்முலா போடுங்க: 140ல 78 போனா 62, அதை 48ஆல பெருக்கி, 72 பெருக்கல் 1.3ஆல வகுத்து, பொம்பளைங்கறதால 0.85ஆல பெருக்கினா 27. இப்ப அவங்களுக்கு கால்ல ரத்தம் கட்டியிருக்கு, ரத்தம் உறையாம இருக்க எனாக்ஸாபரின் ஊசி போடணும். கிளியரன்ஸ் 30க்கு மேலன்னா கிலோவுக்கு 1 மி.கி. ஒரு நாளைக்கு ரெண்டு வேளை, 30க்கு கீழன்னா ஒரே வேளை. உங்க ஆப் 42ஐ வெச்சு ரெண்டு வேளைன்னு சொல்லும், மருந்தோட லேபிள் எந்தக் கணக்குல எழுதினாங்களோ அந்தக் கணக்குப்படி ஒரே வேளை. அலர்ட்டும் அடிக்காது, ஏன்னா அதுவும் 42ஐத்தான் பாக்குது. ஒரு நாள் டோஸ் அப்படியே டபுள், அதுவும் ரத்தம் கசிய வைக்கிற மருந்துல.

யூரியாகிரியாட்டினின் எழுதியது:
ம்ம், கணக்கு சரி. ஆனா நீங்களும் முழுசா சொல்லல. லேப் கொடுக்கிற 42 வந்து 1.73 சதுர மீட்டர் உடம்புக்குன்னு மாத்தின நம்பர். அந்த அம்மா 150 செ.மீ. உயரம்னு வெச்சுக்கோங்க, உடம்புப் பரப்பு 1.41 கிட்டதான் வரும், அதுக்குத் திருப்பி மாத்தினா 42 இல்ல, 34. அப்ப 27ம் இல்ல 42ம் இல்ல, மறுபடியும் 30க்கு மேல போயிடுச்சு! அதோட காக்கிராஃப்ட்-கால்ட் 1976ல 249 பேரை வெச்சுப் போட்டது, முக்காவாசிக்கும் மேல ஆம்பளைங்க, அந்தக் காலத்து கிரியாட்டினின் டெஸ்டும் வேற. அதைப் பிடிச்சுத் தொங்கிட்டு இருக்கிறதும் சரியில்ல.

பழையகை எழுதியது:
ரெண்டு பேரும் சரியாத்தான் சண்டை போடுறீங்க, இந்தச் சண்டை பெட் பக்கத்துல நடக்கணும்ங்கறதுதான் என் கட்சி. ரொம்ப வருஷமா கிளினிக்கல் ஃபார்மசில இருக்கேன். 27, 34, 42 மூணுமே ஒரே அம்மாதான். அவங்களுக்கு ரத்தக்கட்டு எவ்ளோ பெருசு, முன்னாடி வயித்துல புண்ணு வந்து ரத்தம் போயிருக்கா, வேற என்ன மாத்திரை சாப்பிடுறாங்க, ஆன்டி-டென்-ஏ லெவல் (எனாக்ஸாபரின் எவ்ளோ வேலை செய்யுதுன்னு காட்டுற டெஸ்ட்) பாக்க வசதி இருக்கா, இல்ல பேசாம ஹெப்பரின் டிரிப்புக்கு மாத்திடலாமா, இதெல்லாம் சேத்துதான் முடிவு. கை கால்ல சதையே இல்லாத வயசானவங்களுக்கு கிரியாட்டினினே பொய் சொல்லும், அங்க சிஸ்டாட்டின் சிங்கற இன்னொரு ரத்த டெஸ்ட் பாத்தா இன்னும் கிட்ட வரும்.

எடையைப் பத்தி யாரும் பேசலையே. சார்ட்ல 60 கிலோன்னு போட்டிருக்கும், அட்மிஷன்ல அவசரத்துல குத்துமதிப்பா எழுதினது. நாங்க நேர்ல போய் பாத்தா பாதி எடை கால் வீக்கம். எந்த சாஃப்ட்வேரும் போர்வையைத் தூக்கி காலை அழுத்திப் பாக்காது.

இன்னொண்ணு, எல்லாரும் ஃபார்மசிஸ்ட்னா டோஸைக் குறைக்கச் சொல்ற ஆளுன்னே நெனச்சுட்டு இருக்காங்க. செப்சிஸோட, அதாவது கிருமித் தொற்று உடம்பு முழுக்க பாதிச்சு, ஒருத்தர் வர்றார், கிரியாட்டினின் 3.1, ஆப்பைப் பாத்துட்டு முதல் நாளே ஆன்டிபயாடிக்கை பாதியாக்கிடுறாங்க. ஃப்ளூயிட் போனதும் நிறைய பேருக்கு 48 மணி நேரத்துலயே கிட்னி திரும்ப வந்துடும், கிருமியை அடிக்க வேண்டிய முதல் ரெண்டு நாள்ல மருந்து பத்தாம போச்சு. ஆன்டிபயாடிக்கோட லோடிங் டோஸை, அதாவது ஆரம்பத்துல கொடுக்கிற பெரிய டோஸை, கிட்னிக்காக குறைக்கவே வேண்டாம், அது உடம்புல எவ்ளோ பரவுதுங்கறதைப் பொறுத்தது, எவ்ளோ வெளியேறுதுங்கறதை இல்ல. இதை நான் சொல்லாத வாரமே கிடையாது.

யூரியாகிரியாட்டினின் எழுதியது:
அதுல நான் உங்க கட்சி சார். அக்யூட் இஞ்சுரில (கிட்னி திடீர்னு கெடும்போது) கிரியாட்டினின் ஏறிட்டு இருக்கும்போது எந்த ஃபார்முலாவும் வேலைக்கு ஆகாது. இன்னிக்கு 2.0ன்னா நிஜ ஃபில்ட்ரேஷன் கிட்டத்தட்ட ஜீரோவா கூட இருக்கலாம், நம்பர் பின்னாடிதான் வரும். எறங்கும்போது நேர்மாறு, நம்பர் மோசமா இருக்கும், கிட்னி ஏற்கனவே நல்லா வேலை செஞ்சுட்டு இருக்கும்.

பழையகை எழுதியது:
அதேதான் தம்பி. அதனால மொதல்ல யூரின் அவுட்புட் சார்ட்டைப் பாப்பேன், அப்புறம்தான் லேப். செஃபிபைம் ஆன்டிபயாடிக்கை ஞாபகம் வெச்சுக்கோங்க, ஏறுற பக்கம் டோஸ் மாத்தாம விட்டா பேஷன்ட் குழம்பிப் போய் பேசுவாங்க, கை வெடுக்கு வெடுக்குன்னு இழுக்கும், சில சமயம் வெளிய தெரியாத ஃபிட்ஸ் ஓடிட்டு இருக்கும். அமெரிக்க எஃப்டிஏ 2012லயே எச்சரிக்கை விட்டுச்சு. அப்பவும் "யூரியா ஜாஸ்தி, அதான் குழப்பம்"னு எழுதிட்டுப் போறது நடக்குது.

மிஷின்சிஸ்டர் எழுதியது:
நான் டயாலிசிஸ் நர்ஸ். டாக்டர் ஒத்துக்கிறாரோ இல்லையோ, எங்க யூனிட்டுக்கு ஃபார்மசிஸ்ட் வந்தப்புறம் எங்களுக்கு ஃபோன் பண்ற வேலை பாதி குறைஞ்சுது. எங்க பிரச்சனை எவ்ளோங்கறதை விட எப்பங்கறதுதான். காலை மருந்து எல்லாத்தையும் வார்டுல 8 மணிக்கு கொடுத்துட்டு 9 மணிக்கு எங்ககிட்ட அனுப்பிடுவாங்க. பிபி மாத்திரை போட்டுட்டு வந்து மிஷின்ல உக்காந்தா ஒரு மணி நேரத்துல பிபி கீழ விழும், தண்ணி எடுக்க முடியாது, டயாலிசிஸ் பாதில நிக்கும். அப்புறம் தண்ணில கரையக்கூடிய வைட்டமின், ஆன்டிபயாடிக் எல்லாம் முன்னாடியே கொடுத்தா ஃபில்டர் வழியா டிரெயினுக்குப் போயிடும்.

பிபி மாத்திரைலயே அட்டெனலால், மெட்டோப்ரோலால் எல்லாம் டயாலிசிஸ்ல வெளிய வந்துடும், கார்வெடிலால் வராதுன்னு எனக்கு எங்க ஃபார்மசிஸ்ட் அக்காதான் சொன்னாங்க, அது தெரியாதப்ப சிலருக்கு மிஷின் முடிஞ்சதும் படபடன்னு இதயம் ஏன் ஓடுதுன்னு முழிப்போம். செஃபஸோலின் ஆன்டிபயாடிக்கை டயாலிசிஸ் முடிஞ்சதும் 2 கிராம், 2 கிராம், வாரக்கடைசி நீள இடைவெளிக்கு முன்னாடி 3 கிராம்னு போட்டுக் கொடுத்தாங்க, பேஷன்டுக்கு தினம் ஊசி குத்துறது நின்னுச்சு, ஃபிஸ்டுலா கைல (டயாலிசிஸுக்காக ரத்தக்குழாயை இணைச்சு வெச்ச கை) யாரும் கேனுலா போடவும் தேவையில்லாம போச்சு. எங்களுக்கு அது எவ்ளோ பெரிய விஷயம்னு வார்டுல இருக்கிறவங்களுக்குத் தெரியாது.

மூணாவதுஷிஃப்ட் எழுதியது:
பேஷன்ட் பேசலாமா? நான் மிஷின்ல இருக்கிறவன். 2009ல வந்த ஒரு ஆய்வுல டயாலிசிஸ் பேஷன்ட் ஒருத்தர் சராசரியா ஒரு நாளைக்கு 19 மாத்திரை முழுங்குறாங்கன்னு போட்டிருந்துச்சு, எனக்கு ஆச்சரியமே இல்ல. அதுல பாதி பாஸ்பரஸ் மாத்திரைதான். செவலமர். பெரிய பெரிய மாத்திரை, அதை நான் சாப்பாட்டுக்கு ரொம்ப முன்னாடி, வெறும் வயித்துல, மத்ததோட சேத்து ஒரேயடியா முழுங்கிட்டு இருந்தேன், ஏன்னா கவர் மேல மூணு வேளைன்னு மட்டும்தான் எழுதியிருந்துச்சு. பாஸ்பரஸ் எறங்கவே இல்ல, டோஸ் ஏத்திக்கிட்டே போனாங்க, என்னை வாயைக் கட்டுப்படுத்தாதவன்னு திட்டு வேற. ஃபார்மசிஸ்ட் ஒருத்தர் பெட் பக்கத்துல வந்து உக்காந்து "எப்போ போடுறீங்க"ன்னு கேட்டார். அந்த ஒரு கேள்வியை அதுவரைக்கும் யாரும் கேக்கல. அது சாப்பாட்டுல இருக்கிற பாஸ்பரஸைப் பிடிக்கிற மாத்திரையாம், வயித்துல சாப்பாடு இல்லேன்னா எதைப் பிடிக்கும்?

அதோட என் தைராய்டு மாத்திரையையும் அது பிடிச்சு வெச்சுக்கிச்சு போல, அதை தனியா தள்ளி வெச்சதும் தைராய்டு நம்பரும் ஒழுங்குக்கு வந்துச்சு.

மாத்திரைக்காரன் எழுதியது:
அண்ணா, இதை அப்படியே எடுத்து என் லெட்டர்ல போட்டுக்கட்டுமா? பேர் இல்லாம.

மூணாவதுஷிஃப்ட் எழுதியது:
தாராளமா. சிப்ரோஃப்ளாக்ஸசினும் அதே மாதிரி மாட்டிக்கும்னு சொன்னார், அதையும் சேத்துக்கோங்க.

கேள்விக்குறி எழுதியது:
எங்க மாமாவுக்கு கால் எரிச்சலுக்கு கேபாபென்டின் 300 கொடுத்திருக்காங்க, டயாலிசிஸ் பேஷன்ட், எப்பப் பாத்தாலும் தூங்கிட்டே இருக்கார், பாதியா ஒடைச்சுக் கொடுக்கலாமா?

நெறியாளர் எழுதியது:
இந்த இழைல தனிப்பட்ட டோஸ் கேக்காதீங்க, சொல்லவும் செய்யாதீங்க. கேள்விக்குறி, இன்னிக்கே டயாலிசிஸ் யூனிட்டுக்கு ஃபோன் பண்ணி தூக்கத்தைப் பத்திச் சொல்லுங்க, நாளைக்குன்னு தள்ளிப் போடாதீங்க. நீங்களா ஒடைக்க வேண்டாம்.

பழையகை எழுதியது:
நெறியாளர் சொன்னதைச் செய்யுங்கம்மா. பொதுவா ஒண்ணு மட்டும் சொல்றேன், ஏன் அவசரம்னு புரியறதுக்கு. கேபாபென்டின் உடம்புல உடையாது, வந்தபடியே கிட்னி வழியாத்தான் போகணும். நல்ல கிட்னில 5லேருந்து 7 மணி நேரத்துல பாதி வெளியேறிடும். யூரினே வராதவங்களுக்கு, டயாலிசிஸ் இல்லாத நாள்ல, அந்தப் பாதி போக 132 மணி நேரம். அஞ்சரை நாள். பேக்லோஃபென், அசைக்ளோவிர், மார்ஃபின் எல்லாம் இதே குடும்பம்தான், மார்ஃபின்ல மருந்து இல்ல, அது உடைஞ்சு வர்ற சரக்கு தேங்கும். தூக்கம், தடுமாற்றம், கை உதறல் இது மூணும் டயாலிசிஸ் பேஷன்டுக்கு வந்தா நான் மொதல்ல மருந்து லிஸ்ட்டைத்தான் பாப்பேன்.

வீட்டுப்பொண்ணு எழுதியது:
அப்பாவுக்காக ஹாஸ்பிடலும் வீடுமா அலையிறவ நான். ரவுண்ட்ஸை விட எனக்கு டிஸ்சார்ஜ்தான் பயம். அட்மிட் ஆகும்போது சில மாத்திரையை நிறுத்தி வெச்சாங்க, அது எப்ப திரும்ப ஆரம்பிக்கணும்னு டிஸ்சார்ஜ் பேப்பர்ல இல்ல, நிறுத்தியாச்சுன்னும் இல்ல. வீட்டுல பழைய ஸ்ட்ரிப் இருக்கு, புது ஸ்ட்ரிப் இருக்கு, ரெண்டும் ஒரே மருந்து வேற வேற கம்பெனி பேரு, அப்பா ரெண்டையும் சாப்பிட்டார். எந்த ஹாஸ்பிடல்னு சொல்ல மாட்டேன், டாக்டர் நல்லவர்தான், ஆனா யாருமே பையைக் கொட்டிப் பாக்கல. அடுத்த தடவை வேற இடத்துல ஒரு ஃபார்மசிஸ்ட் பொண்ணு "வீட்டுல இருக்கிற எல்லாத்தையும் எடுத்துட்டு வாங்கக்கா"ன்னு சொல்லி டேபிள் மேல பரப்பிட்டா. அதுல மூட்டு வலிக்கு அவரா வாங்கிப் போட்ட டைக்ளோஃபினாக் இருந்துச்சு, அதைப் பத்தி அப்பா யார்கிட்டயும் வாயைத் திறந்ததே இல்ல, ஏன்னா அது "மருந்து இல்ல, வலி மாத்திரை"யாம்.

மிஷின்சிஸ்டர் எழுதியது:
ஐயோ அந்த டயலாக் தினம் கேப்போம்.

மாத்திரைக்காரன் எழுதியது:
ஏற்கனவே ராமிப்ரில் மாதிரி பிபி மாத்திரை, கூட நீர் மாத்திரை, அது மேல இந்த வலி மாத்திரை. மூணும் மூணு பக்கத்துலேருந்து கிட்னியோட பிரஷரை எறக்கும், நீர் மாத்திரை உள்ள வர்ற ரத்தத்தைக் குறைக்கும், வலி மாத்திரை வர்ற குழாயைச் சுருக்கும், ராமிப்ரில் போற குழாயை விரிக்கும். நடுவுல ஃபில்டருக்கு பிரஷரே மிஞ்சாது. வாந்தி பேதியும் சேந்துச்சுன்னா ரெண்டு நாள்ல அட்மிஷன். வீட்டுப்பொண்ணு, மெக்னீசியம் இருக்கிற அசிடிட்டி டானிக், பாஸ்பேட் எனிமா, பொட்டாசியம் கலந்த உப்பு, இதையும் ஒரு கண்ணு பாத்துக்கோங்க, இதெல்லாம் லிஸ்ட்டுலயே வராது.

மாத்துக்கிட்னி எழுதியது:
டிரான்ஸ்பிளான்ட் பண்ணினவன். எங்க கேஸ்ல ஃபார்மசிஸ்ட் வேணுமா வேண்டாமான்னு கேள்வியே எழாதுங்க. டாக்ரோலிமஸ் (புதுக் கிட்னியை உடம்பு தள்ளாம இருக்கக் கொடுக்கிற மருந்து) லெவல் மேல போனா கிட்னிக்கு விஷம், கீழ போனா ரிஜெக்ஷன். சளிக்கு யாரோ கிளாரித்ரோமைசின் எழுதினாங்க, எங்க டீம் ஃபார்மசிஸ்ட் ஃபோன்லயே நிறுத்தி அசித்ரோமைசினுக்கு மாத்தச் சொன்னார், லெவல் எகிறியிருக்குமாம். ரிஃபாம்பிசின், ஃபெனிடாயின் எல்லாம் நேர்மாறா எறக்கிடும். அப்புறம் லெவல் எடுக்கிற அன்னிக்கு காலை டோஸ் போடாம வந்து ரத்தம் கொடுத்துட்டுத்தான் போடணும்ங்கறதை எத்தனை பேர் மறக்கிறாங்க, போட்டுட்டு வந்து கொடுத்தா நம்பர் ஜாஸ்தியா வரும், டோஸைக் குறைச்சுடுவாங்க, அப்புறம் கதை கந்தல்.

பழையகை எழுதியது:
அதே வேலைக்கு அசாதயோப்ரின் போடுறவங்களுக்கு யூரிக் ஆசிட்னு அலோப்யூரினால் எழுதிடுறதையும் சேருங்க. ரெண்டும் சேந்தா எலும்பு மஜ்ஜை படுத்துடும், வெள்ளை அணு பாதாளத்துக்குப் போகும். இதுக்காக மட்டும் தனியா ஒரு ஆள் போட்டாலும் தகும்.

யூரியாகிரியாட்டினின் எழுதியது:
சரி சரி, கதை எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா மேனேஜ்மென்ட் கதை கேக்காது, டேட்டா கேக்கும். ஃபார்மசிஸ்ட் ஆய்வுகள்ல முக்காவாசி "இத்தனை சஜெஷன் சொன்னோம், இத்தனையை டாக்டர் ஏத்துக்கிட்டார்"னு முடிஞ்சுடும். பேஷன்டுக்கு என்ன ஆச்சு?

மாத்திரைக்காரன் எழுதியது:
நியாயமான கேள்வி. என் கையில இருக்கிறதுல பலமானது குழந்தைங்க ஆய்வுதான். சின்சினாட்டி குழந்தைகள் ஹாஸ்பிடல்ல 2011ல நிஞ்சான்னு ஒரு திட்டம் ஆரம்பிச்சாங்க. ஐசியூ இல்லாத வார்டுல எந்தக் குழந்தைக்கு ஒரே நேரத்துல கிட்னியைக் கெடுக்கக்கூடிய மருந்து மூணோ அதுக்கு மேலயோ ஓடுது, இல்ல அமைனோகிளைகோசைடு ஆன்டிபயாடிக் ஊசி மூணு நாளா ஓடுதுன்னு தினம் ஸ்கிரீன் பண்ணி, அந்தக் குழந்தைங்களுக்கு தினம் கிரியாட்டினின் பாக்கணும்னு ஃபார்மசிஸ்ட் டீம்ல சொல்லணும். அவ்ளோதான் திட்டம். 2016ல ரிசல்ட் போட்டாங்க, அந்த மாதிரி மருந்துக் கலவை 38% குறைஞ்சுது, கிட்னி இஞ்சுரி 64% குறைஞ்சுது. லிஸ்ட் எடுத்தது கம்ப்யூட்டர்தான், ஒத்துக்கிறேன், ஆனா லிஸ்ட்டை எடுத்துட்டுப் போய் "இந்த மூணுல எது இன்னிக்கு நிறுத்தலாம்"னு கேட்டது ஆளு.

யூரியாகிரியாட்டினின் எழுதியது:
இது பரவால்ல. இதை முன்னாடி வைங்க. சும்மா அலர்ட்டை மட்டும் நம்பினா என்ன ஆகும்னு எனக்கே தெரியும், நைட் டூட்டில நாப்பது அலர்ட் வந்தா நாப்பதையும் பாக்காமலே ஓவர்ரைடு பண்ணுவோம்.

ஆனா ஒரு குறை சொல்லியே ஆகணும். உங்க ஆளுங்க நிறுத்தச் சொல்றதுல ரொம்ப வேகம். கிட்னியைக் காப்பாத்துற டாபாக்ளிஃப்ளோசின் ஆரம்பிச்சு இஜிஎஃப்ஆர் கொஞ்சம் எறங்கினதும் ஃபோன் வருது, ராமிப்ரில் போட்டு கிரியாட்டினின் 1.4லேருந்து 1.7 ஆனதும் ஃபோன் வருது. 30% வரைக்கும் ஏறுறதை பொறுத்துக்கலாம்னுதானே கைட்லைன்ல இருக்கு? அந்த ஆரம்பச் சரிவு ஃபில்டர் மேல பிரஷர் குறையறதால வர்றது, அதுக்காகத்தானே மருந்தே கொடுக்கிறோம். 2020ல டாபா-சிகேடி, 2022ல எம்பா-கிட்னின்னு ஆய்வு ரெண்டும் வந்தப்புறமும் அந்த டாபா வகை மருந்தை நிறுத்தினா பேஷன்டுக்குத்தான் நஷ்டம்.

பழையகை எழுதியது:
வலிக்குது, ஆனா உண்மை. கவுன்டர்ல உக்காந்து நம்பரை மட்டும் பாக்கிற ஃபார்மசிஸ்ட் அப்படித்தான் பண்ணுவான், அவனுக்கு முன்னாடி நம்பர் என்ன, மருந்து எப்ப ஆரம்பிச்சாங்க, பொட்டாசியம் என்ன, பேஷன்டுக்கு வாந்தி இருக்கான்னு எதுவும் தெரியாது. பயத்துல நிறுத்தச் சொல்றதுதான் சேஃப்னு தோணும். ரவுண்ட்ஸ்ல நிக்கிறவன் "20%தான் ஏறியிருக்கு, பொட்டாசியம் 4.6, தொடரலாம், ரெண்டு வாரத்துல திரும்ப பாப்போம்"னு சொல்லுவான். ஆக உங்க குறையே எங்க கட்சிக்கு சாட்சி.

யூரியாகிரியாட்டினின் எழுதியது:
கோல் போட்டுட்டீங்க சார்.

ரூல்புக் எழுதியது:
சட்டம் என்ன சொல்லுதுன்னு யாரும் பாக்கலையே. அமெரிக்கால டிரான்ஸ்பிளான்ட் சென்டருக்கான 2007 ஃபெடரல் விதில டீம்ல ஃபார்மகாலஜி ஆள் இருக்கணும்னு இருக்கு. அடுத்த வருஷம் 2008ல டயாலிசிஸ் யூனிட்டுக்கு விதி போட்டாங்க, அதுல டாக்டர், நர்ஸ், சோஷியல் ஒர்க்கர், டயட்டீஷியன், அப்புறம் பேஷன்டும். ஃபார்மசிஸ்ட் இல்ல! ஒரு நாளைக்கு 19 மாத்திரை முழுங்குற ஆளுக்கு டீம்ல மருந்து படிச்சவர் கட்டாயம் இல்ல. பிரிட்டன்ல 2006லேருந்து தகுதி வாங்கின ஃபார்மசிஸ்ட் தானே பிரிஸ்கிரிப்ஷன் எழுதலாம். 2024 கேடிகோ (உலக அளவிலான கிட்னி அமைப்பு) கைட்லைன்லயும் மருந்து லிஸ்ட்டை அப்பப்ப ரிவ்யூ பண்ணணும், மருந்தைச் சரியாக் கையாள ஃபார்மசிஸ்ட்டுகளோட சேந்தோ, டூல்ஸ் வெச்சோ, ரெண்டும் சேத்தோ செய்யணும்னு வருது, அந்த டூல்ஸ்ங்கற வார்த்தைலதான் எல்லா மேனேஜ்மென்ட்டும் தப்பிக்கிறாங்க.

யூரியாகிரியாட்டினின் எழுதியது:
எழுதுற அதிகாரம் வரைக்கும் போனா பொறுப்பு யாருதுன்னு மொதல்ல தெளிவா இருக்கணும். சஜெஷன் சொல்லிட்டு சைன் பண்ணாம போறது எனக்குப் பிடிக்காது. நோட்ஸ்ல எழுதி கையெழுத்து போடுங்க, நான் ஏத்துக்கலேன்னா ஏன்னு நானும் எழுதறேன்.

மாத்திரைக்காரன் எழுதியது:
ஒத்துக்கிறேன், அதையும் எழுதிடறேன். இப்ப லெட்டர் இப்படிப் போகுது: எல்லா பேஷன்டையும் தினம் பாக்க முடியாது, ஆளும் இல்ல. அதனால கிரியாட்டினின் ரெண்டு நாள்ல 0.3க்கு மேல ஏறினவங்க, டிரான்ஸ்பிளான்ட் பண்ணினவங்க, டயாலிசிஸ்ல இருந்துட்டு ஊசி ஆன்டிபயாடிக் ஓடுறவங்க, இவங்க மொதல்ல. இவங்க கிட்ட ரவுண்ட்ஸ்ல கூட நிப்பேன். மத்தவங்களுக்கு அட்மிஷன்லயும் டிஸ்சார்ஜ்லயும் மாத்திரைப் பையைக் கொட்டிப் பாக்கறது, அதுக்கு ரவுண்ட்ஸ் நேரம் தேவையில்ல, மதியம் செய்யலாம். காலைல ஒன்றரை மணி நேரம் கேக்கறேன், மீதி நேரம் கீழ டிஸ்பென்சிங்ல நிக்கிறேன்னு சொல்லியிருக்கேன்.

மிஷின்சிஸ்டர் எழுதியது:
டயாலிசிஸ் நாள் மருந்து நேரத்தையும் சேருங்க. மிஷினுக்கு முன்னாடி எது, பின்னாடி எதுன்னு ஒரு ஷீட், பேஷன்ட் பேர் போட்டு, சார்ட்டோட முன்பக்கத்துல. அது இருந்தாலே போதும் எங்களுக்கு.

யூரியாகிரியாட்டினின் எழுதியது:
வான்கோமைசின் ஆன்டிபயாடிக் ஓடுறவங்களைத் தனியா எழுதுங்க அண்ணா, ஏயுசி கணக்கு (ஒரு நாள் முழுக்க ரத்தத்துல மொத்தமா எவ்ளோ மருந்து இருந்துச்சுங்கறது) போடுற வேலையை முழுசா உங்ககிட்டயே தள்ளிடறேன். 400லேருந்து 600க்குள்ள வெச்சுக் கொடுங்க. எடை மட்டும் நீங்களே நேர்ல பாத்து எழுதுங்க, எங்க சார்ட்டை நம்பாதீங்க.